ஒரே எக்ஸப்ஷனைத் திரும்பத் திரும்ப எழுப்பியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சிங்கப்பூரில் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்துச் சைவ உணவகங்கள் சிலவற்றுக்காக இணையத்தில் கேட்டரிங் ஆர்டர் எடுத்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. மென்பொருள் குழுவில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்கள்தான். நானும் அதில் ஒருத்தி. வைத்திருந்த ஒரே எக்ஸப்ஷனை (பிழையைத் தெரிவிக்க நிரல் எழுப்பும் ஆப்ஜெக்டை) மறுபடி மறுபடி எழுப்பியதால் வந்த சிக்கல். பைத்தான் நிரல்மொழியில் சர்வர் எழுதும் யாருக்கும் இது வரலாம் என்பதாலும், வரும்போது அது வேறொரு சிக்கல் போலத் தோற்றம் காட்டும் என்பதாலும் முழுதாக எழுதி வைக்கிறேன்.

வாடிக்கையாளர் படிவத்தில் தேதி, ஆள் எண்ணிக்கை, உணவுப் பட்டியல் எல்லாம் நிரப்பி, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தருவார். இந்த ஊரில் 1995 முதல் அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. அதை ஒரு வெளிச் சேவைக்கு அனுப்பினால் புளோக் எண், தெரு எல்லாம் வந்துவிடும்; அதை வைத்து எந்த வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கணக்கிடுவோம். விருந்து நடக்கும் இடத்தின் படத்தையும் வாடிக்கையாளர் ஏற்றலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசைகளை எங்கே போடுவது, வண்டி எவ்வளவு தூரம் வரை வரும் என்பதையெல்லாம் சமையல் குழு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கைப்பேசியில் எடுத்த படங்கள் என்பதால் ஒவ்வொன்றும் சில மெகாபைட் இருக்கும். இந்த அளவு பின்னால் முக்கியமாகிறது.

சர்வர் பைத்தான் 3.11. அது கன்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளில் ஓடும். ஒரு கன்டெய்னருக்கு 2 ஜிபி மெமரி வரம்பு, உள்ளே ஒரே நேரத்தில் வேலை செய்யும் பல த்ரெட்கள். முகவரி தேடும் மாட்யூல் (நிரல் பகுதி) மட்டும் வயதானது. பைத்தான் 2.7 காலத்தில் வேறொரு வேலைக்காக எழுதப்பட்டு, பிறகு பைத்தான் 3-க்கு மாற்றி எடுத்துவரப்பட்டது.

அந்த மாட்யூலில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வெளிச் சேவை பதில் தராவிட்டால், வந்த எக்ஸப்ஷனை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். அடுத்த 30 விநாடிக்கு யார் முகவரி கேட்டாலும் நெட்வொர்க் பக்கமே போகாமல், வைத்திருக்கும் எக்ஸப்ஷனையே எழுப்பிவிடும். படுத்துக் கிடக்கும் சேவையை எல்லாரும் சேர்ந்து மேலும் மிதிக்காமல் இருக்க இது. 30 விநாடி கழித்து மறுபடி முயலும்; அப்போதும் தோற்றால் முதலில் வந்த எக்ஸப்ஷனையே எழுப்பும். முதல் பிழைதான் உண்மையான காரணத்தைச் சொல்லும், அடுத்தடுத்து வருபவை வெறும் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற ரகம் என்பது எழுதியவரின் எண்ணம். தவறான எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். எழுதப்பட்ட காலத்தில் அது பிசகின்றி வேலை செய்தது.

## அந்த மாலை கண்டது

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆர்டர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு. மாலையில் முகவரிச் சேவை பதில் தருவதை நிறுத்தியது. அதற்கு ஏற்பாடு இருந்தது: ஆர்டரை ஏற்றுக்கொண்டு, ‘முகவரியை ஆள் பார்க்கவேண்டும்’ என்று குறித்துவிட்டு, பிழையை ட்ரேஸ்பேக்குடன் (பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியலுடன்) லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், எழுதும். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. தொடக்கத்தில் அப்படித்தான் போனது.

அப்புறம் பக்கங்கள் மெதுவாகத் தொடங்கின. மெமரிப் பயன்பாட்டைக் காட்டும் கோடு விடாமல் மேலே ஏறியது. 2 ஜிபியைத் தொட்டதும் கன்டெய்னர் கொல்லப்பட்டு, புதிதாக எழுந்து, மறுபடி ஏறத் தொடங்கியது. கொல்லப்பட்ட நொடியில் ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குப் பிழைப் பக்கம் வந்தது. சிலர் அதே ஆர்டரை இரண்டாவது முறையும் போட்டார்கள். எந்த ஆர்டர் இரட்டை என்று உணவகத்துக்காரர்கள் தொலைபேசியில் ஒவ்வொருவரையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பண்டிகை வாரத்தில் அது லேசான வேலை இல்லை.

லாகைத் திறந்தபோது ட்ரேஸ்பேக் இந்த வடிவில் இருந்தது. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் தருகிறேன்:

ஆர்டர் ஏற்பு, வரி 88
முகவரி தேடல், வரி 41
ஆர்டர் ஏற்பு, வரி 88
முகவரி தேடல், வரி 41
ஆர்டர் ஏற்பு, வரி 88
முகவரி தேடல், வரி 41
(இப்படியே பல திரைகள்)
ஆர்டர் ஏற்பு, வரி 88
முகவரி தேடல், வரி 52
வெளிச் சேவை அழைப்பு, வரி 17
டைம்அவுட் பிழை

பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு எங்களோடு சேர்ந்திருந்த தம்பி இதைப் பார்த்ததும், “அக்கா, இது ரிகர்ஷன்தான். ஆர்டர் ஏற்பு முகவரியைக் கூப்பிடுது, அது திரும்ப ஆர்டர் ஏற்பைக் கூப்பிடுது” என்றார். பார்க்க அப்படியேதான் இருந்தது. ஒரே இரண்டு ஃபங்ஷன் மாறி மாறி வந்தால் யாரும் அதைத்தான் நினைப்பார்கள்.

குழுவின் மூத்த பொறியாளர் வரிகளை எண்ணச் சொன்னார். ஒரு பதிவில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. “பைத்தான் இவ்வளவு ஆழம் போக விட்டிருக்காதேப்பா. ஆயிரத்துலயே ரிகர்ஷன் எரர் வந்திருக்கணும். எங்கே அது?”

அந்தக் கேள்விதான் விசாரணையைத் திருப்பியது. பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு, நாம் மாற்றாதவரை, 1000. நாங்கள் மாற்றவில்லை. ஸ்டாக் (இன்னும் முடியாத ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) உண்மையிலேயே அவ்வளவு ஆழம் போயிருந்தால் வேறு பிழை வந்திருக்கும். வந்தது வெறும் டைம்அவுட், அதாவது பதில் வராமல் நேரம் முடிந்த பிழை. அதாவது லாகில் தெரிந்த நீளம் ஸ்டாக்கின் நீளம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரே வரி அடுத்தடுத்து வந்தால் பைத்தான் 3.6 முதல் அதைச் சுருக்கி, ‘முந்தைய வரி இத்தனை முறை’ என்று காட்டிவிடும். இங்கே இரண்டு வரிகள் மாறி மாறி வந்ததால் சுருங்கவில்லை. ஒவ்வொரு புதிய ஆர்டருக்கும் முந்தையதைவிட இரண்டு வரி கூடுதலாக லாகில் விழுந்தது. மொத்த லாக் ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் கணக்கு இது. மெமரி தீருவதற்கு முன்பே பக்கங்கள் மெதுவானதற்கு, இந்த நீண்ட உரையை ஒவ்வொரு முறையும் கட்டி எழுதியதே முதற்காரணம்.

## அன்றிரவு எடுத்த முடிவுகள்

மூத்தவர் அடுத்து, பிழைகளைத் திரட்டிக் காட்டும் சேவையில் ஓர் அறிக்கையைத் திறந்தார். அந்தக் கருவி ட்ரேஸ்பேக்கோடு ஒவ்வொரு ஃபிரேமின் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கான பதிவின்) உள் மாறிகளையும் சேர்த்து அனுப்பும். பிழை தேடும்போது மிகவும் உதவியானது என்று சில மாதங்களுக்கு முன்புதான் சேர்த்திருந்தோம். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டருக்கான அறிக்கை அது. அடுத்த ‘ஆர்டர் ஏற்பு’ ஃபிரேமை விரித்தால் வேறொருவரின் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி. அதற்கடுத்ததில் இன்னொருவர்.

மெமரிச் சிக்கலை அப்படியே விட்டுவிட்டு, முதலில் உள் மாறிகளை அனுப்பும் வசதியை அணைத்தோம். வரிசை இப்படி அமைந்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். கன்டெய்னர் விழுந்தால் எழுந்துகொள்ளும். வெளியே போன தகவலைத் திரும்ப எடுப்பது அப்படி இல்லை.

இரண்டாவது முடிவு, முகவரி தேடலையே ஒரு சுவிட்ச் மூலம் நிறுத்துவது. எல்லா ஆர்டரும் ‘ஆள் பார்க்கவேண்டும்’ என்ற குறியோடு உள்ளே வரட்டும். எக்ஸப்ஷனே எழ வேண்டாம். மெமரி வரம்பை 4 ஜிபி ஆக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் வரம்பைக் கூட்டினால் விழும் நேரம்தான் தள்ளிப்போகும், அதுவும் இன்னும் அதிக ஆர்டர்கள் உள்ளே இருக்கும்போது விழும் என்பதால் அதை ஏற்கவில்லை. நிரலைத் திருத்தி அந்த இரவே ஏற்றலாம் என்பதையும் ஏற்கவில்லை. காரணம் புரியாத திருத்தத்தைப் பண்டிகை வாரத்தில் ஏற்றக்கூடாது என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

சுவிட்சைப் போட்டு கன்டெய்னர்களைப் புதிதாக எழுப்பியதும் மெமரிக் கோடு படுத்துவிட்டது. உணவகங்களில் இருவர் உட்கார்ந்து முகவரிகளைக் கையால் சரிபார்த்தார்கள்.

## காரணத்தைத் தேடியது

மறுநாள் தம்பி ஒரு போலிச் சேவையை எழுதினார்: எப்போதும் டைம்அவுட் மட்டுமே தரும். அதற்கு எதிராகச் சர்வரை ஓட்டியதும் அதே ஏற்றம் வந்தது. குப்பை சேகரிப்பானை (பயன்படாத ஆப்ஜெக்ட்களின் மெமரியை மீட்கும் பைத்தான் பகுதியை) கட்டாயமாக ஓட்டிப் பார்த்தார், எதுவும் விடுபடவில்லை. இது ஒரு நல்ல தடயம். தங்களுக்குள் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அநாதையாகக் கிடக்கும் ஆப்ஜெக்ட்கள் என்றால் சேகரிப்பான் அள்ளியிருக்கும். விடுபடவில்லை என்றால், உயிரோடு இருக்கும் ஏதோ ஒன்று அவற்றை முறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ட்ரேஸ்மேலாக் கருவியை வைத்து எந்த வரியில் ஒதுக்கிய மெமரி தங்கியிருக்கிறது என்று பார்த்தோம். படத்தைப் படிக்கும் வரி. அந்தப் படத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று குப்பை சேகரிப்பானுக்கான ஜிசி மாட்யூலிடம் கேட்டுக் கேட்டுப் பின்னால் போனால்: படம், அதைப் பிடித்த ஃபிரேம், அந்த ஃபிரேமைப் பிடித்த ட்ரேஸ்பேக், அதைப் பிடித்த இன்னொரு ட்ரேஸ்பேக், அதை இன்னொன்று. சங்கிலியின் கடைசியில், முகவரி மாட்யூல் பத்திரமாக வைத்திருந்த அந்த முதல் எக்ஸப்ஷன்.

கடைசியாக ஒரு சோதனை. எக்ஸப்ஷன் பிடிபடும் இடத்தில் இரண்டு எண்களை அச்சிட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரேமிலிருந்து அதை அழைத்தவர், அவரை அழைத்தவர் என்று மேலே போனால் எத்தனை. ட்ரேஸ்பேக்கிலிருந்து அடுத்தது, அடுத்தது என்று கீழே போனால் எத்தனை. முதல் எண் சில பத்துகளில் அசையாமல் நின்றது. இரண்டாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு ஏறியது. இரண்டும் வேறு வேறு சங்கிலிகள் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது.

## ட்ரேஸ்பேக் எப்படிக் கட்டப்படுகிறது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறேன். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

ஜாவாவில் எக்ஸப்ஷன் உருவாகும் நொடியிலேயே, அப்போதைய ஸ்டாக்கைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், வரி எண். உள் மாறிகள் அதில் இல்லை. அதே ஆப்ஜெக்டை நூறு முறை எழுப்பினாலும் பட்டியல் நீளாது.

பைத்தானில் அப்படி இல்லை. எக்ஸப்ஷன் எழுந்தபின் ஸ்டாக் ஒவ்வொரு ஃபிரேமாக அவிழும். அவிழும்போது அது கடந்துபோகும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு ட்ரேஸ்பேக் ஆப்ஜெக்ட் செய்யப்பட்டு, ஏற்கனவே இருக்கும் சங்கிலியின் தலையில் கோக்கப்படுகிறது. பிடிக்கப்படும் இடத்தோடு சங்கிலி நிற்கிறது. அதனால்தான் பைத்தான் ட்ரேஸ்பேக்கில் கடைசி அழைப்பு கீழே இருக்கிறது. ஒவ்வொரு ட்ரேஸ்பேக்கும் தன் ஃபிரேமை முழுதாகப் பிடித்திருக்கும். ஃபிரேம் தன் உள் மாறிகளைப் பிடித்திருக்கும். பைத்தான் 3.11 முதல் ஃபிரேம் ஆப்ஜெக்ட் தேவைப்படும்போதுதான் செய்யப்படுகிறது. ட்ரேஸ்பேக் கட்டுவது அந்தத் தேவைகளில் ஒன்று.

இப்போது பழைய எக்ஸப்ஷன் ஒன்றை மறுபடி எழுப்பினால் என்ன ஆகும்? அதனிடம் ஏற்கனவே ஒரு சங்கிலி இருக்கிறது. பைத்தான் அதைத் துடைப்பதில்லை. புதிதாகக் கடக்கும் ஃபிரேம்களை அதன் தலையிலேயே கோக்கிறது. ஊர் ஊராகப் போகும் பெட்டியில் பழைய விமான நிலையச் சீட்டுகள் கிழிக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டப்படுவது போல. எங்கள் லாகில் ‘ஆர்டர் ஏற்பு, முகவரி தேடல்’ என்று தெரிந்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனி வாடிக்கையாளர். ஒருவர் இன்னொருவரை அழைக்கவே இல்லை. எல்லாரும் ஒரே எக்ஸப்ஷனைத் தொட்டுப் போனவர்கள். வரி 41 வைத்திருந்ததை எழுப்பும் இடம். வரி 52 முதன்முதலில் சேவையை அழைத்த இடம். 52 ஒரே ஒரு முறை மட்டும், அதுவும் அடியில் வந்திருந்ததைப் பார்த்தால் கதை முழுதும் அதில் எழுதியிருந்தது தெரிகிறது.

2.7-இல் இது ஏன் நடக்கவில்லை? அங்கே ட்ரேஸ்பேக் எக்ஸப்ஷனுக்குள் இல்லை; தனியாக வைக்கப்பட்டது. வைத்திருந்த எக்ஸப்ஷனை எழுப்பினால் சங்கிலி புதிதாகத் தொடங்கும். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3.0-இல்தான், பெப் 3134 என்ற மொழி மாற்ற முன்மொழிவின்படி, எக்ஸப்ஷனே தன் ட்ரேஸ்பேக்கையும், தனக்கு முன்னால் நிகழ்ந்த எக்ஸப்ஷனையும் சுமக்கத் தொடங்கியது. இதில் உள்ள ஆபத்தை மொழியை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். பிழையைப் பிடிக்கும் எக்ஸெப்ட் பகுதி முடிந்ததும் அங்கே பெயரிட்ட மாறியை பைத்தான் 3 தானாக அழித்துவிடுவது அதனால்தான். ஆனால் அந்த எக்ஸப்ஷனை நாமே இன்னோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டால் அந்தக் காவல் உதவாது. மாட்யூலை 3-க்கு மாற்றியபோது ஒரு வரிகூடத் தவறாக மாறவில்லை. எழுத்து அப்படியே இருக்க, அதன் பொருள் அடியில் மாறிவிட்டது. சேவை நீண்ட நேரம் விழாதவரை அது யாருக்கும் தெரியவில்லை.

## திருத்தம்

மூன்று வழிகளைப் பேசினோம்.

எழுப்புவதற்கு முன் ட்ரேஸ்பேக்கை வெறுமையாக்குவது ஒன்று. ஒரே வரி வேலை, சங்கிலி நீளாது. ஆனால் பல த்ரெட்கள் ஒரே ஆப்ஜெக்டை எழுப்புகின்றன. ஒருவர் துடைக்கும்போது இன்னொருவரின் ஃபிரேம்கள் பாதி கோக்கப்பட்டிருக்கும். இரண்டு பேரின் தகவல் கலக்கும் வாய்ப்பு அப்படியே நிற்கிறது என்பதால் இதை விட்டோம்.

ஃபிரேம்களின் உள் மாறிகளை மட்டும் காலிசெய்வது இரண்டாவது. அதற்கு ட்ரேஸ்பேக் மாட்யூலிலேயே வசதி உண்டு. மெமரி இறங்கும், ஆனால் சங்கிலியும் லாகும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதை எடுத்தோம். எக்ஸப்ஷனை வைத்திருப்பதே இல்லை. முதல் பிழையின் வகை, செய்தி, நேரம், அப்போதைய ட்ரேஸ்பேக்கின் உரை ஆகியவற்றை வெறும் எழுத்தாக வைக்கிறோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிய எக்ஸப்ஷன் ஒன்று செய்து எழுப்புகிறோம். அதன் செய்தியில் முதல் பிழை எப்போது, என்ன என்பது இருக்கும். முழு உரை லாகில் ஒரே ஒரு முறை. மாட்யூலை எழுதியவர் காப்பாற்ற நினைத்த முதல் காரணம் இதிலும் காப்பாற்றப்படுகிறது.

தம்பி எழுதிய சோதனை எனக்குப் பிடித்தது. போலிச் சேவைக்கு எதிராகப் பல ஆர்டர்களை ஓட்டி, ட்ரேஸ்பேக்கின் நீளம் முதல் ஆர்டரிலும் கடைசி ஆர்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறது. கூடவே, படம் உண்மையிலேயே விடுபட்டதா என்று வீக் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்காமல் சுட்டும் குறிப்பு) மூலம் சரிபார்க்கிறது. வெறும் பைட்ஸ் ஆப்ஜெக்டுக்கு வீக் ரெஃபரன்ஸ் வைக்க முடியாது. அதனால் படத்தைச் சுற்றி ஒரு சின்ன கிளாஸ் போட்டார். பழைய நிரலில் சோதனை தோற்கிறது, புதியதில் தேறுகிறது என்று இரண்டையும் ஓட்டிக் காட்டிய பிறகுதான் மூத்தவர் ஏற்றச் சம்மதித்தார்.

## தகவல் பாதுகாப்பு

2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். எங்கள் பொறுப்பாளரிடம் மறுநாள் காலையே எல்லாவற்றையும் வைத்தோம். 2021 பிப்ரவரி முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பு வரக்கூடிய மீறலையும், 500 பேரோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்ட மீறலையும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவேண்டும். அப்படி மதிப்பிட்டபின் மூன்று நாளுக்குள். எங்கள் அறிக்கைகளில் இருந்தவர்கள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. கட்டண விவரமோ அடையாள அட்டை எண்ணோ அந்த ஃபிரேம்களில் இல்லை. அறிக்கைகளைத் திறக்கக்கூடியவர்கள் எங்கள் குழுவினர் மட்டுமே. அறிவிக்கவேண்டிய வகை இல்லை என்று அவர் முடிவெடுத்து, காரணங்களை எழுதி வைத்தார். அந்த அறிக்கைகளை எல்லாம் அழித்தோம்.

## பின்னர்

சில வாரங்கள் கழித்து முகவரிச் சேவை பராமரிப்புக்காக மறுபடி நின்றது. மெமரிக் கோடு அசையவில்லை. லாகில் ஒவ்வொரு பதிவும் இரண்டு ஃபிரேமோடு முடிந்தது. ஆர்டர்கள் குறியோடு உள்ளே வந்தன, யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

எக்ஸப்ஷனை எங்காவது வைத்திருக்கிறோமா என்று நிரல் முழுதும் தேடியதில் இன்னோர் இடம் அகப்பட்டது. இரவு நேர வேலைகளில் தோற்றவற்றின் எக்ஸப்ஷன்களை ஒரு பட்டியலில் சேர்த்து, காலையில் மின்னஞ்சலாக அனுப்பும் பகுதி. அங்கே ஒரே எக்ஸப்ஷன் மறுபடி எழவில்லை என்பதால் சங்கிலி நீளாது. ஆனாலும் ஒவ்வொன்றும் தன் ஃபிரேம்களை விடியும்வரை பிடித்திருந்தது. அதையும் உரையாக மாற்றினோம். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்த உதவும் அசிங்க்ஐஓ மாட்யூலைப் பயன்படுத்தும் பகுதியைத் தொடவில்லை. ஒரே ஃப்யூச்சரின் (பின்னால் வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்டின்) எக்ஸப்ஷன் பல முறை எழும்போது நீளும் சிக்கல் அங்கும் இருந்தது, 3.11-இல் சரிசெய்யப்பட்டுவிட்டது.

## இனி மாற்றுவது

பிழை அறிக்கையில் உள் மாறிகளை மறுபடி இயக்கவில்லை. தேவையான சில மாறிகளை மட்டும் பெயர் சொல்லி அனுப்பும்படி அமைத்திருக்கிறோம். பிழை தேடுவது முன்பைவிடச் சற்றுக் கடினம்தான்; அதை ஏற்றுக்கொண்டோம்.

லாகில் ஒரு பதிவு இத்தனை வரிக்கு மேல் போனால் எச்சரிக்கை வரும். அன்று மாலை இது இருந்திருந்தால், மெமரி பாதி ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

வெளிச் சேவைகளை நிறுத்திப் பார்க்கும் ஒத்திகையில் இதுவரை சில நிமிடங்கள் மட்டுமே நிறுத்தினோம். இனி ஒரு மணி நேரம், அதுவும் படங்களோடு கூடிய ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும்போது. படத்தை சர்வர் மெமரிக்குள் முழுதாகப் படிக்காமல் நேரே சேமிப்பகத்துக்கு அனுப்பும் வேலையும் தொடங்கியிருக்கிறது. பொங்கலுக்குள் ஏற்றுவதாகத் திட்டம், இப்போது சோதனைச் சர்வரில் ஓடுகிறது.